முதல் துவக்கும் இரண்டாவது துவக்கும்

உயிரைப் பறிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியை அழகுப்பொருளாகப் போற்றிச் சேர்த்து வைப்பது அறமாகுமா? இக்கேள்வி நம்மிடையே அதிகம் விவாதிக்கப்பட்டதில்லை. நாணயம் சேர்ப்போரும் தபால் முத்திரை சேர்ப்போரும் நம்மிடையே உண்டு. துவக்குச் சேர்ப்போர் என்றொரு கூட்டம் இல்லை. சட்டமும் வறுமையும் அதற்கு இடங்கொடுத்ததில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் அது பெருந்தொகையினரின் பொழுதுபோக்கு. அதற்கென நூல்களும் விலைப்பட்டியல்களும் சந்தைகளும் இருக்கின்றன.

அமெரிக்கர்களின் பொழுதுபோக்கைப் பற்றிச் சீனன்குடாவில் வாழும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். நமது குடாவைச் சுற்றி ஒரு நூற்றாண்டாகக் குவிந்துகிடப்பவையும் போருக்கென்று சேர்க்கப்பட்ட பொருள்களே. ஒரு தனிமனிதனின் அலுமாரியில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கினால், ஒரு துறைமுகத்தில் நிகழ்ந்தது விளங்கும் என்பது நமது கருத்து.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புவனவற்றுள் ஒன்று நெம்புகோல் துப்பாக்கி. அதன் உருவம் நமக்குப் புதியதன்று. கௌபோய்ப் படங்களில் குதிரைவீரனின் கையில் அதைக் கண்டிருக்கிறோம். 1972இல் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்கள் அந்த உலகத்தைத் தமிழ்த் திரைக்கும் கொண்டுவந்தன. விசையைச் சுற்றி வளையமாக அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே விழும். குழலின் அடியிலுள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறும். துப்பாக்கி மறுபடியும் சுடுவதற்கு ஆயத்தமாகும். தோளிலிருந்து இறக்காமலே அடுத்தடுத்துச் சுட வழிசெய்த இந்த அமைப்பு, 1860ஆம் ஆண்டளவில் ஹென்றி, ஸ்பென்சர் ஆகியோரின் துப்பாக்கிகளால் பரவலாக அறியப்பட்டது.

இத்தகைய துப்பாக்கியை முதன்முதலாக வாங்க வருபவனுக்கு அனுபவஸ்தர்கள் ஒரு புத்திமதி சொல்வார்கள்: எதற்காக வாங்குகிறாய் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள். குறிபார்த்துப் பழகுவதற்காயின், செலவு குறைந்த .22 தோட்டாவை ஏற்பது போதும். காட்டில் மான்வேட்டைக்காயின், .30-30 தோட்டாவை ஏற்கும் வின்செஸ்டர் 1894 அல்லது 1948இல் வெளிவந்த மார்லின் 336 பொருத்தமானது. பழையது ஒன்றை வாங்குவதாயின், குழலின் உட்புறம் துருவேறியிருக்கிறதா, நெம்புகோலை மூடும்போது பூட்டு இறுக்கமாக அடைகிறதா, பாகங்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

இந்தப் புத்திமதியில் நமக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. கருவி தேவைக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம். தச்சன் உளியைத் தெரிவதும் மீனவன் வலையின் கண்ணளவைத் தெரிவதும் இவ்வாறுதான்.

சிக்கல் இரண்டாவது துவக்கில் தொடங்குகிறது. முதலாவதை வாங்கும்போது மான் இருந்தது. இரண்டாவதை வாங்கும்போது, தன்னிடம் 1894 இருக்கிறது, 1873 இல்லை என்ற குறை மட்டுமே இருக்கிறது. மூன்றாவது வாங்கப்படுவது, முன்னிரண்டும் ஒரே கம்பெனியின் தயாரிப்பாக இருப்பதால். தேவை மறைந்துவிட, வரிசையில் காணப்படும் வெற்றிடமே தேவையாகிவிடுகிறது. முதல் துவக்குக்கு உலகத்தில் ஒரு காரணம் இருந்தது. இரண்டாவதற்கு முதல் துவக்கே காரணம்.

இந்த ஆசை மனித இயல்பிலே தானாகச் சுரப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்ற முதலாளியான ஒலிவர் வின்செஸ்டர் 1866இல் தம் பெயரால் துப்பாக்கிக் கம்பெனியை நிறுவினார். அதன் 1873ஆம் ஆண்டு மாதிரியை 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று கம்பெனியே பிற்காலத்தில் விளம்பரம் செய்தது. குறி தவறாத குழல்களைத் தெரிந்தெடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பெயர் பொறித்து, 1870களில் நூறு டொலருக்கு விற்றார்கள். அவ்வகையில் செய்யப்பட்டவை நூற்றுமுப்பதுக்குச் சற்று மேற்பட்டவை மட்டுமே. 1950இல் 'வின்செஸ்டர் 73' என்ற திரைப்படத்தை வெளியிட்ட யூனிவர்சல் நிறுவனம், எஞ்சியிருந்த அத்துப்பாக்கிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் போட்டியொன்றைப் படத்தின் விளம்பரத்துக்காக நடத்தியது. மூலைகளில் கிடந்த பழைய இரும்பு அதனால் புதையலாயிற்று.

1964இல் வின்செஸ்டர் கம்பெனி உற்பத்திச் செலவைக் குறைப்பதற்காகப் பாகங்களைச் செய்யும் முறையை மாற்றியது. கைத்திறனுள்ள தொழிலாளியின் வேலை குறைந்தது. துப்பாக்கியின் தரமும் தாழ்ந்தது. அதனால் அவ்வாண்டுக்கு முந்தியவற்றின் விலை ஏறியது. தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்ட திறமை, சேகரிப்பாளனின் சந்தையில் அருமைப்பொருளாக விலைபோயிற்று. அதே ஆண்டில் வயோமிங் மாநிலத்தின் பவளவிழாவுக்கென நினைவுத் துப்பாக்கி ஒன்றும் வெளியிடப்பட்டது. 1968இல் எருமை வேட்டையால் பேரெடுத்த பஃபலோ பில்லின் பெயராலும், 1981இல் நடிகர் ஜோன் வெயினின் பெயராலும் நினைவுத் துப்பாக்கிகள் வந்தன. வாங்கியவர்களுட் பலர் அவற்றைச் சுடாமலே பெட்டியில் வைத்தார்கள். சுட்டால் விலை குறையும்.

வின்செஸ்டர் கம்பெனி தோன்றிய மறு ஆண்டில், 1867இல், 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. மனிதருக்கிடையேயுள்ள உறவுகள் பொருள்களுக்கிடையேயுள்ள உறவுகளாகத் தோற்றங்காட்டும் மாயத்தை மார்க்ஸ் அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே விளக்கினார். துப்பாக்கித் தொகுப்பு அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. செய்த கை எவருடையது, குழலின் முன்னே நின்றவர் எவர் என்ற இரண்டும் மறைகின்றன. மாதிரி எண்ணும் மெருகும் விலையும் மட்டும் எஞ்சுகின்றன.

சேகரிப்பாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அழிந்துபோகும் கைவினையை நாங்கள் காப்பாற்றுகிறோம், எங்கள் துவக்குகள் எவரையும் சுடுவதில்லை, வாளையும் வேலையும் அருங்காட்சியகத்தில் வைப்பவர்கள் எங்களை மட்டும் ஏன் பழிக்கவேண்டும் என்கிறார்கள். கைவினையைக் காப்பது நல்ல செயலே. ஆயினும், காக்கப்படும் பொருளோடு அதன் கதையும் காக்கப்பட வேண்டும். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்ற சொற்றொடரில், தோற்றவர்களுக்கு இடமில்லை. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில், லக்கோட்டா, ஷையன் பழங்குடி வீரருட் பலர் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகளை ஏந்தி நின்றார்கள். கஸ்டரின் சிப்பாய்களிடம் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தோட்டா இடவேண்டிய துப்பாக்கிகளே இருந்தன. அன்று அந்தக் குழல்கள் மண்ணைப் பறித்தவர்களை நோக்கித் திரும்பின. இரும்புக்கென்று தனியாக ஒரு தருமம் கிடையாது. அதைப் பிடிக்கும் கையும், பிடிக்கக் காரணமான நிலைமையுமே தருமத்தையும் அதருமத்தையும் தீர்மானிக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு இரும்பை மட்டும் வைத்திருப்பவன், வரலாற்றின் பாதியைத்தான் வைத்திருக்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சீனன்குடாவுக்குத் தென்மேற்கே தம்பலகாமத்து வயல்வெளி இருக்கிறது. பன்றியும் யானையும் ஓரிரவில் ஒரு போகத்தை அழித்துவிடக்கூடிய நாட்டில், பயிர்க்காவலுக்கு ஒரு துவக்கு வேண்டும் என்று விவசாயி கேட்பது ஆடம்பரமன்று. அவன் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், காரணம் காட்டவேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவேண்டும். 1996இல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. பத்திரம் பெற வழியற்றவர்களுட் சிலர் கட்டுத்துவக்கை நாடுகிறார்கள். பாதையில் கட்டிய கயிறு இடறினால் வெடிக்கும் அந்தப் பொறி, பன்றியா மனிதனா என்று பாராது. விறகெடுக்கப் போனவர்களும் அதற்கு இரையாகியிருக்கிறார்கள். ஆகவே, கருவி வைத்திருப்பவனிடம் சமுதாயம் காரணம் கேட்பது சரி என்றே நாம் கருதுகிறோம்.

நமது கேள்வி வேறு. காரணம் காட்டும் கடமை யாருக்கு விதிக்கப்பட்டது?

அச்சட்டம் பிறப்பதற்கு முன்பே, பிரித்தானிய அதிகாரிகள் இத்தீவின் காடுகளில் யானைகளைச் சுட்டு எண்ணிக்கை சேர்த்தார்கள். 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பெயர் பெற்றவர். சாமுவேல் பேக்கர் தம் இலங்கை வேட்டைகளைப் பற்றி 1854இல் ஒரு நூலே வெளியிட்டார். எவரும் அவர்களிடம் ஏன் என்று கேட்கவில்லை. தொகுப்பு என்பது அலுமாரியில் இருக்கவேண்டுமென்பதில்லை, எண்ணிக்கையாகவும் இருக்கலாம்.

1916இல் குடியானவனிடம் ஒரு துவக்குக்குக் காரணம் கேட்கத் தொடங்கிய அதே ஏகாதிபத்தியம், 1920களிலும் 1930களிலும் சீனன்குடாக் காட்டை வெட்டிச் சுமார் நூறு எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். அவை இந்நாட்டு மக்களின் விளக்குக்காகக் கட்டப்பட்டவையல்ல; போர்க்கப்பல்களுக்காக. கப்பல் இருந்ததால் தாங்கி வேண்டியிருந்தது. தாங்கி இருந்ததால் காவலுக்குப் பீரங்கி வேண்டியிருந்தது. பீரங்கிக்குத் துணையாக விமானத்தளம் வேண்டியிருந்தது. இரண்டாவது துவக்கின் தர்க்கம் இதுவே. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசின. ஒரு விமானம் தாங்கியொன்றின்மீதே வீழ்ந்து எரிந்தது. தாங்கிகள் பகைவனை ஈர்த்தன. அவற்றைச் சுற்றி உழைத்துவந்த எளிய மக்களிடம் அத்தொகுப்பு வேண்டுமா என்று எவரும் கேட்டதில்லை. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தாங்கிகளுட் பல நெடுங்காலம் காடுமண்டித் துருப்பிடித்துக் கிடந்தன.

நெம்புகோல் துப்பாக்கியின் அமைப்பில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. குழாயினுள்ளே தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னுள்ள தோட்டாவின் நுனி முன்னுள்ளதன் வெடிமுனையில் முட்டிக்கொண்டிருக்கும். நுனி கூராக இருந்தால், ஓர் அதிர்ச்சியில் குழாயினுள்ளேயே வெடிக்கக்கூடும். அதனாலேயே அவற்றின் நுனியைத் தட்டையாகச் செய்வது வழக்கம். ஆயுதத்தை அடுக்கி வைப்பது, சுடாதபோதும் ஆபத்தானது என்பதைத் துப்பாக்கி செய்தவர்களே அறிந்திருந்தார்கள். அரசுகள் அறிந்துகொள்ளவில்லை.

இங்கே நம் காலத்தின் கசப்பான அனுபவத்தைச் சொல்லாமல் போவது கோழைத்தனம். ஒடுக்கப்பட்ட மக்களின் இளைஞர் சிலர் ஆயுதம் ஏந்தியபோது அதற்குக் காரணம் இருந்தது. அக்காரணத்தை இல்லையென்பவர் 1956ஐயும் 1983ஐயும் அறியாதவர். ஆனால் துவக்குகள் பெருகப் பெருக, ஏன் என்று கேட்பதே குற்றமாயிற்று. 1986இல் இயக்கங்களின் துவக்குகள் தமக்குள்ளேயே திரும்பின. அரசின் படைக்கலமும் அவ்வாறே, தனக்குத்தானே காரணம் கற்பித்துக்கொண்டு பெருகியது. 2009இல் போர் முடிந்தபோது, முதல் துவக்கை எடுக்கவைத்த அநீதிகளுட் பல தீராமலே இருந்தன. துவக்குகள் பெருகியதைப் போல நியாயம் பெருகவில்லை.

2024இன் இறுதியில், தற்பாதுகாப்புக்கென அனுமதி பெற்ற துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு தனியார்களைக் கேட்டுக்கொண்டது. தனிமனிதனிடம் மீண்டும் காரணம் கேட்கப்படுகிறது; நல்லது. அதே கேள்வி பாதுகாப்பு வரவுசெலவுக் கணக்கின் ஒவ்வொரு வரியிடமும், நமது குடாவைக் கண்வைக்கும் ஒவ்வொரு வல்லரசிடமும் கேட்கப்பட வேண்டும். வலியவனுக்குப் பொருந்தாத அறம், எளியவன்மீது சுமத்தப்படும் கட்டளை மட்டுமே.

ஆகவே, படைக்கலத்தைச் சேர்த்து வைப்பது அறமாகுமா என்ற கேள்விக்கு நமது விடை இது: அது எதற்காகச் செய்யப்பட்டது, யாருக்கு எதிராகத் தூக்கப்பட்டது, அதனால் யார் வாழ்ந்தார், யார் மாண்டார் என்ற நான்கையும் சேர்த்து வைப்பவன் வரலாற்றுக்குத் தொண்டு செய்கிறான். அவற்றை நீக்கிவிட்டு மெருகை மட்டும் காப்பவன், அடுத்த துவக்குக்கு ஆசையை வளர்க்கிறான். திருகோணமலைக்கு மாணவரைச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்கள் கோட்டையின் பீரங்கியையும் எரிந்த தாங்கியின் கதையையும் காட்டும்போது, அதன் எடையையும் ஆண்டையும் சொல்வதோடு நிறுத்தவேண்டாம். குழலின் மறுமுனைக்கு எதிரே நின்றவர் யார் என்று பிள்ளைகளைக் கேட்கவையுங்கள். விடை தெரியாவிட்டால், தேடி எழுதிவரச் சொல்லுங்கள்.