விதவையின் இரண்டு காசு யாருக்குச் சேரவேண்டியது?

கட்டட நிதிக்குக் காணிக்கை கேட்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கத்துக்குள் அநேகமாக ஓர் ஏழை விதவை வந்துவிடுவாள். எருசலேம் ஆலயத்தில் பணக்காரர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் இரண்டு சின்னக் காசு போட்டாள். எல்லாரையும்விட அவள் போட்டதே அதிகம் என்று இயேசு சீஷர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மாற்கு 12-ஆம் அதிகாரத்தின் கடைசி நாலு வசனம், அவ்வளவுதான். பிறகு கேள்வி சபையாரை நோக்கித் திரும்பும். ஒன்றுமில்லாதவளே தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தாளே, உங்களுக்கு என்ன தயக்கம்? அந்தச் சூட்டோடு வெல்வெட் பை வரிசை வரிசையாக வரும்.

அந்த இரண்டு காசு ஒரு தெனாரியத்தில் 64-இல் ஒரு பங்கு. தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆலயத்தில் எக்காளம் போன்ற வாயுடைய 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. அவற்றில் ஒன்றில் அவள் போட்டது, அன்றைக்குச் சாப்பிட வைத்திருந்த காசு. கொடுத்தவளின் மனம் பெரியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. வாங்கியவர்களைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. ஓர் ஏழையின் கடைசிக் காசை ஆலயம் வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு மாற்கு பதில் சொல்லாமல் விடவில்லை. விதவையின் கதை 41-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. 38 முதல் 40 வரை இயேசு வேதபாரகரைப் பற்றி எச்சரிக்கிறார். நீண்ட அங்கி, சந்தையில் வணக்கம், விருந்தில் முதல் இடம் என்று அவர்கள் ஆசைகளை அடுக்கிவிட்டு, விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று குற்றம் சாட்டுகிறார். அதை அடுத்தே ஒரு விதவை வந்து நிற்கிறாள். கதை முடிந்ததும் ஒரு சீஷன் ஆலயத்தின் கற்களைப் பார்த்து வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்று அவனுக்குப் பதில் வருகிறது. கி.பி. 70-இல் ரோமப் படை அப்படித்தான் செய்துவிட்டுப் போனது. வீடுகளை விழுங்குகிறவர்கள், விதவை, இடியப்போகும் கட்டடம் என மூன்றும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. அதிகாரப் பிரிவுகள் வந்தது 13-ஆம் நூற்றாண்டில், வசன எண்கள் வந்தது 16-ஆம் நூற்றாண்டில். எழுதியவர் எங்கேயும் வெட்டவில்லை.

வெட்டுவதற்கு அனுமதியும் உண்டு என்பது வேடிக்கை. கத்தோலிக்கத் திருவழிபாட்டு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலம் 32-ஆம் ஞாயிற்றுக்கு இந்தப் பகுதி உரியது. முழு வாசகம் 38-இல் தொடங்கும். நேரம் போதாதென்றால் 41-இல் தொடங்கும் குறுகிய வாசகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வசனம் வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மிச்சமாகும் அந்த நிமிடத்தில் அடிபடுவது குற்றச்சாட்டு.

அடிசன் ரைட் என்ற வேதாகம ஆய்வாளர் 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார். இயேசு அவளைப் புகழ்ந்தாரா, அவளுக்காகப் புலம்பினாரா என்பது அவர் எழுப்பிய கேள்வி. புலம்பல்தான் என்பது அவர் முடிவு. அதை முழுசாக ஏற்கத் தயங்குகிறவர்கள் உண்டு, தயக்கத்தில் நியாயமும் உண்டு. பணக்காரர் மீந்ததைக் கொடுத்தார்கள், இவள் இல்லாமையிலிருந்து கொடுத்தாள் என்ற ஒப்பீடு அவளைத் தாழ்த்தவில்லை, உயர்த்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல சமாரியன் கதையின் முடிவில் நீயும் போய் அப்படியே செய் என்று சொன்னவர், இங்கே அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளைப் பெருமைப்படுத்துவதும் அவளை அந்த நிலைக்கு விட்ட ஏற்பாட்டைக் கண்டிப்பதும் ஒரே வாயிலிருந்து வரலாம். முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதில்தான் தவறு இருக்கிறது.

இதே வெட்டு மல்கியாவிலும் விழுகிறது. தசமபாகம் கேட்பவர்கள் விரும்பி எடுக்கும் இடம் 3-ஆம் அதிகாரத்தின் 8 முதல் 10 வரையிலான வசனங்கள். தேவனை வஞ்சிக்கிறீர்கள் என்ற கண்டிப்பும், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்கும் அங்கே இருக்கின்றன. 5-ஆம் வசனத்தை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைத்து, விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு எதிராகத் தேவனே சாட்சியாக வருவார் என்பது அங்கே உள்ள செய்தி. தசமபாகம் கொண்டுவந்து சேர்க்கச் சொன்ன பண்டசாலை தானியக் கிடங்கு. அதிலிருந்து யாருக்குப் போகவேண்டும் என்பதை உபாகமம் 14-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் சொந்த நிலமில்லாத லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் திருப்தியாகச் சாப்பிடுவதற்கு. ஆகவே மோசேயின் கணக்குப்படி விதவை தசமபாகம் வாங்கவேண்டிய ஆள். அவளிடம் கைநீட்டுவது வரவையும் செலவையும் இடம் மாற்றி எழுதுவதற்குச் சமம்.

சேரவேண்டியவருக்குச் சேராமல் காணிக்கை திசைமாறுவதற்கு இன்னோர் உதாரணமாக மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பான் விவகாரம் இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கத்தை இயேசு கடுமையாகச் சாடினார். வீட்டில் மருந்து வாங்கப் பணமில்லாமல் கிழவர் படுத்திருக்க, மகன் கோபுரத்துக்கு நன்கொடை எழுதிக் கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது?

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஏழை கொடுக்கக்கூடாது என்று தடுப்பதும் அவமரியாதைதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுத்த பெண்களால் நம் நாட்டில் பல ஊழியங்கள் நடந்தன. 1903-இல் திருநெல்வேலியில் வேதநாயகம் சாமுவேல் அசரியா போன்றவர்கள் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணமே போதும் என்ற வைராக்கியம் இருந்தது. பணக்காரர்களை மட்டும் நம்பி அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கையேந்தியே பழக்கப்பட்ட ஒரு சமூகம் நானும் கொடுக்கிறேன் என்று நிமிர்ந்து நிற்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை ஏமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாது.

பவுலும் மக்கெதோனியா சபையார் கொடிய வறுமையிலிருந்து கொடுத்ததை மெச்சினார். அந்தப் பணம் எருசலேமின் ஏழைகளுக்குப் போனது. பிறருக்குச் சுகமும் உங்களுக்குக் கஷ்டமும் உண்டாகக் கேட்கவில்லை, சமநிலைக்காகவே கேட்கிறேன் என்ற பொருளில் கொரிந்தியருக்கு விளக்கம் சொன்னார். பணத்தை எடுத்துச் செல்லத் தன்னோடு வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார், யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது என்று. ஏழையிடம் வாங்குவதற்கான நிபந்தனை இதில் இருக்கிறது. போகும் இடம் தெரியவேண்டும், கணக்கு இருக்கவேண்டும், கொடுத்தவர் பட்டினி கிடக்கக்கூடாது.

இந்த அளவுகோலில் விதைக் காணிக்கை என்ற பேச்சு நிற்காது. அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் பரப்பி, இன்று தமிழ்த் தொலைக்காட்சி வரை வந்துவிட்ட போதனை அது. கொடுத்தால் பலமடங்காகத் திரும்பும் என்கிறது. அந்த விதவைக்கு எதுவும் திரும்பி வந்ததாக மாற்கு எழுதவில்லை. கடனில் மூழ்கியவரிடம், கடன் தீர இன்னும் கொஞ்சம் விதையுங்கள் என்று கேட்பது சீட்டு நிறுவனக்காரர் பேசும் பேச்சு. சீட்டு நிறுவனத்தின்மேல் வழக்காவது போடலாம்.

திருச்சபைக்கு இது தெரியாததில்லை. 1517-இல் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் 46-ஆவது, தேவைக்குமேல் இல்லாதவர்கள் குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளவேண்டும், பாவமன்னிப்புச் சீட்டில் வீணாக்கக்கூடாது என்கிறது. அவருக்கு ஆயிரம் ஆண்டுக்குமேல் முந்திய மிலான் ஆயர் அம்புரோஸ், போரில் பிடிபட்டவர்களை மீட்க ஆலயத்துப் பாத்திரங்களையே உருக்கினார். அதற்காக வசைபாடியவர்களுக்கு, பொன்னைக் காப்பதைவிட ஆளைக் காப்பது மேல் என்று பதிலும் சொன்னார்.

ஆகவே ஏழை மனமுவந்து கொடுத்தால் சபை வாங்கலாம், அவருடைய பசிக்கும் மருந்துக்கும் தானே பொறுப்பு என்று ஏற்கும் சபையாக இருந்தால். பொறுப்பேற்காத சபைக்கு அந்தக் காசில் உரிமை இல்லை. சில ஊர்களில் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் திருமண ஓலை வாசிப்போம், அடக்கத்துக்கு வருவோம் என்கிறார்களே, அங்கெல்லாம் இந்தக் கதையைப் பிரசங்கிக்கவே கூடாது. ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் நிர்வாகச் சண்டை, விதவைகளுக்குத் தினசரிப் பங்கீடு சரியாகப் போகவில்லை என்பதுதான். அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் சபையின் ஆண்டுக் கணக்கை வாசிக்கும் கூட்டத்தில், கட்டடத்துக்கு எவ்வளவு, நம் சபை விதவைகளுக்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள்.