பழுது நீக்கலும் முகம் மாற்றலும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் பொய்யாமை என்பது நாவிற்கு மட்டும் உரியதன்று. பொய்யான ஆவணம் எழுதுதலையும் அவ்விரதத்தின் மாசுகளுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. எழுத்தால் பொய் உரைக்கலாகாது எனின், நிழற்படத்தால் பொய் உரைத்தல் ஆகுமா? எழுபது அகவை கடந்த பின்னரே இவ்வினா நமக்கு எழுந்தது. எழுப்பியவன் தமையனாரின் பேரன்.

நம் பெட்டியில் ஒரு படம் உண்டு. 1957இல் எடுத்தது. தருமபுரி அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1965இல். வாணிபத்தின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து அங்குக் குடிபெயர்ந்திருந்த நம் தந்தையார், ஒரு நன்னாளில் படம் பிடிப்பவரை இல்லத்திற்கே வரவழைத்தார். முக்காலியின் மேல் பெட்டியை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "யாரும் அசையாதீர்கள்" என்றார் அவர். நாம் அசையவில்லை. தாயாரின் மடியிலிருந்த இரண்டு வயதுத் தம்பி அசைந்துவிட்டான். ஆகவே அவன் முகம் இருந்த இடத்தில் ஒரு வெண்மூட்டம்தான் பதிந்தது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவன் மறைந்தான். அவனுக்கு வேறு படம் இல்லை.

தாயாருக்கு இளமையில் பெரியம்மை கண்டிருந்தது. வலக் கன்னம் முழுதும் தழும்பு. படத்தின் ஓரத்தில், கதவு நிலையை ஒட்டி, கைம்பெண்ணான அத்தையாரின் பாதி உருவம் தெரிகிறது. போதாக்குறைக்குப் பூஞ்சைப் புள்ளிகளும், மடித்து வைத்த வடுவும் உள்ளன.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த பேரன் இப்படத்தைக் கணினியில் ஏற்றினான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். புள்ளிகள் மறைந்திருந்தன. தாயாரின் கன்னம் வழவழவென்று இருந்தது. அத்தையார் நின்ற ஓரம் வெட்டப்பட்டிருந்தது. தம்பிக்கோ இரு கண்களும் ஒரு புன்னகையும் முளைத்திருந்தன. "பாட்டி, இப்போது ஒரு குறையும் இல்லை, பாருங்கள்" என்றான். உண்மையைச் சொல்வதாயின், முதற்கணம் நம் உள்ளம் மகிழத்தான் செய்தது. மறுகணம், இவர்கள் யார் என்று தேடத் தொடங்கினோம்.

தயக்கத்தைக் கண்ட பேரன் வாதிட்டான். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்னும் குறட்கருத்தை, அவனுக்கு நாம் கற்பித்ததையே, நமக்குத் திருப்பி உரைத்தான். "அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களும் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தவர்கள்தாமே?" என்றும் கேட்டான். இரண்டும் மெய்யே. விடை கூற மூன்று நாள் தவணை கேட்டோம்.

முதலில் நம் நினைவுக்கு வந்தவை தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்கள். ஆசிரியப் பணியில் இருந்தபோது ஆண்டுதோறும் மாணவியரை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறோம். இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் வீழ்ந்தோர்க்கு எடுத்த கற்கள் அவை. வீரனின் உடலில் தைத்த அம்புகளையும் செதுக்கிய கற்கள் அவற்றுள் உண்டு. உளியைப் பிடித்தவனுக்கு அம்பை விடுத்து வடிப்பது எளிது, ஆயினும் விடவில்லை. அந்த அம்பின்றி அவன் யாரென்று அறிய வழியில்லை.

அங்ஙனமாயின் பழையதைத் தொடவே கூடாதா? இதற்கும் இம்மண்ணிலேயே விடை உண்டு. தகடூரில் வணிகர் இருவர் எடுப்பித்த சமணப் பள்ளிக்கு, நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், சகம் 815இல், அதாவது கி.பி. 893இல், மூலப்பள்ளி என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. அப்பள்ளியைப் பழுது பார்ப்பதும் அக்கொடையின் நோக்கம். எனவே பழுது பார்த்தல் அறம் என்பதில் ஐயமில்லை. பழுது எது என்பதில்தான் ஐயம்.

சித்தன்னவாசலைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். அக்குகைப் பள்ளியின் விதானத்துத் தாமரைப் பொய்கை பல இடங்களில் உதிர்ந்துபோயிற்று. எஞ்சியதைக் காக்கின்றனரேயன்றி, உதிர்ந்த இடத்தில் புதுத் தாமரை வரைந்து நிரப்பவில்லை. படிந்த அழுக்கை நீக்குதல் காப்பு. இல்லாத இதழை வரைதல் புனைவு.

இவ்வளவையால் நம் படத்தை அளந்தோம். பூஞ்சையும் மடிப்பு வடுவும் தாளுக்கு நேர்ந்தவை. 1957இல் அந்த முற்றத்தில் அவை இல்லை. அவற்றை நீக்குவதில் பொய் இல்லை, பேரனைப் பாராட்டினோம்.

தாயாரின் தழும்போ முற்றத்தில் இருந்தது. இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடென 1977இலும், உலகம் முழுதும் ஒழிந்ததென 1980இலும் அறிவிக்கப்பெற்றது. அந்நோய் எத்தகையது என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் கன்னம் ஒன்றே எஞ்சியுள்ளது. சோவியத் நாட்டில் ஸ்டாலினின் அம்மைத் தழும்புகளைப் படங்களில் மறைத்தனர். அதே கை, 1940இல் கொல்லப்பட்ட யெசோவ் என்னும் அதிகாரியை, ஸ்டாலினின் அருகில் அவர் நின்ற படத்திலிருந்தே அழித்து அங்கு நீரை வரைந்தது. தழும்பை அழிக்கப் பழகிய கை ஆளை அழிக்கக் கூசுவதில்லை.

எனினும் ஒன்று நம்மை உறுத்தியது. தாயார் தம் வலக் கன்னத்தை எவர்க்கும் காட்ட விரும்பியதில்லை. பிற்காலப் படங்கள் அனைத்திலும் முகத்தை வலப்புறம் திருப்பி, இடக் கன்னம் தெரியவே நிற்கிறார். பிறர்க்குத் தீங்கு தராமையே வாய்மையின் இலக்கணம் எனின், அவர் மறைக்க விரும்பியதை நாம் வெளிப்படுத்துவது எங்ஙனம் தகும்? மீண்டும் படத்தை நோக்கினோம். திமிறிய குழந்தையைப் பற்றுவதற்காக அவர் முகம் திரும்பியிருக்கிறது. அதனாலேயே தழும்பு தெரிகிறது. அந்தத் தழும்பை அழித்து, குழந்தையையும் அசையாதவனாக ஆக்கிவிட்டால், அவர் அன்று ஏன் திரும்பினார் என்பதற்குக் காரணமே இல்லாது போகும்.

ஆகவே இவ்வாறு முடிவு செய்தோம். கூடத்துச் சுவரில் அவர் தாமே விரும்பி நின்ற பிற்காலப் படம் இருக்கும். இப்படம் மாற்றமின்றிப் பெட்டியில் இருக்கும். காட்சிக்கு வைப்பதில் அவர் விருப்பம் ஆளட்டும். காப்பதில் உண்மை ஆளட்டும்.

தம்பியின் முகத்திற்கு வருவோம். மங்கலில் மறைந்த முகத்தை எந்தக் கணினியும் கண்டெடுக்க இயலாது. தான் கற்ற வேறு முகங்களிலிருந்து ஒன்றைச் சமைக்கவே இயலும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட இத்தகைய மென்பொருள் ஒன்றிடம் பராக் ஒபாமாவின் தெளிவற்ற படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. உலகறிந்த முகத்திற்கே அக்கதி எனின், யாரும் அறியாத நம் தம்பிக்கு அது எதைத் தரும்? அந்தப் புன்னகைக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனைச் சில ஆண்டுகள் பார்த்துப் பழகினால், நம் நினைவில் அரைகுறையாக எஞ்சியுள்ள அவன் முகத்தையும் அது விழுங்கிவிடும். குற்றமற்ற நன்மை என்றான் பேரன். நன்மை யாருக்கு? மறைந்தவனுக்கு அல்ல, நம் கண்களுக்கு மட்டுமே.

அத்தையாரின் செய்தி இன்னும் கடுமையானது. மங்கல நாளின் படத்தில் கைம்பெண் நிற்றலாகாது என்று அவரை விலக்கினர். விலகியும் முழுதும் விலக மனமின்றிக் கதவோரம் நின்றார். எறும்புக்கும் இரங்கும் நெறியினராகிய நாம் நம் இல்லத்துப் பெண்ணுக்கு இழைத்ததற்கு அந்தப் பாதி உருவமே சான்று. படத்தின் அழகு கருதி அதனை வெட்டினால், அவரை இரண்டாம் முறை வெளியே நிறுத்தியவர் ஆவோம். வெட்டிய ஓரத்தை மீண்டும் சேர்க்கச் சொன்னோம்.

இனி, எல்லாப் படங்களையும் காத்தே தீரவேண்டும் என்பது நம் கருத்தன்று. மிகுபொருள் விரும்பாமையும் ஓர் அணுவிரதமே. பேரனின் கைப்பேசியில் ஒரே சிற்றுண்டித் தட்டு பதினான்கு முறை இருந்தது. அவற்றை அழிக்குமாறு நாமே கூறினோம். நம் பெட்டியிலும் ஒரே படத்தின் பிரதிகள் பலவற்றைக் களைந்தோம். ஒருவர் வாழ்ந்தமைக்குக் கடைசிச் சான்று எதுவோ, அது மங்கலாயினும் களையத் தக்கதன்று. தமிழகத்து ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியுடன், தேடி எண்ணிமப்படுத்தினர். அயலார் இத்துணை மதிப்பதை நாம் பரண்மேல் கரையானுக்கு விடலாகாது.

வாசக அன்பர்கள் பழம்படங்களைப் புதுப்பிக்கும்போது மூன்றைக் கருத்தில் கொள்க. முதலில் உள்ளது உள்ளவாறே ஒரு பிரதி எடுத்து வைத்து, திருத்தத்தை வேறொரு பிரதியில் செய்க. திருத்தியதன் பின்புறம் இன்னது திருத்தப்பட்டது என்று எழுதுக. மூலப் படத்தின் பின்புறம், மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்திலுள்ளோர் பெயரையும் ஆண்டையும் குறிக்க. பேனா மை காலப்போக்கில் முன்புறம் ஊறிவிடும். பசையுள்ள ஆல்பத் தாள்களும் படத்திற்குப் பகை.

பேரன் முகம் சுளிக்காமல் அனைத்தையும் செய்தான். இறுதியில் பென்சிலை எடுத்துக்கொண்டு, "பாட்டி, இந்தக் குழந்தையின் பெயர் என்ன?" என்று வினவினான். கூறினோம். அப்பெயர் நம் இல்லத்தில் ஒலித்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. திருத்திய படத்தில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையைக் கண்டபோது, அவ்வினா அவனுக்கு எழவில்லை.