77 பேருக்கு எதிரே இருவர்

2001 மே 16 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில், 79 தொகுதிகளில் 77-ஐ லிபரல் கட்சி அள்ளிக்கொண்டது. பத்தாண்டுகள் ஆட்சியில் இருந்த புதிய ஜனநாயகக் கட்சிக்கு வான்கூவர் நகரில் இரண்டே தொகுதிகள் மிஞ்சின. முதல்வராக இருந்த உஜ்ஜல் தோசாஞ்சே தோற்றுப்போனார். ஜாய் மெக்ஃபெயில், ஜென்னி குவான் என்ற இரு பெண்கள் மட்டும் எதிர்வரிசைக்கு வந்தார்கள். ஜூன் மாதம் கோர்டன் கேம்ப்பெல் தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையில் மட்டுமே 28 பேர்.

ஒரு கட்சிக்கு அவையில் அங்கீகாரம் வேண்டுமென்றால் குறைந்தது நான்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது அந்த மாகாணத்தின் அன்றைய சட்டம். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கே அதன் பணிகளுக்கான நிதியும் ஊழியர்களும் உரிமையாகக் கிடைக்கும். இருவருக்கு அந்த அந்தஸ்தைத் தர கேம்ப்பெல் மறுத்துவிட்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. அறமும் அவர் பக்கம் இருந்ததா?

அவர் தரப்பு வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வரம்பு தேர்தலுக்கு முன்பே இருந்தது. தோற்றவர்கள் ஆண்ட காலத்திலும் அதுதான் சட்டம். விளையாடி முடித்த பிறகு கோட்டை நகர்த்துவது நேர்மையல்ல. இதைவிட வலுவான வாதம் ஒன்றும் உண்டு. ஆளுங்கட்சி மனமிரங்கித் தரும் அந்தஸ்தை ஆளுங்கட்சி நினைத்தால் பறிக்கவும் முடியும். தயவில் வாழும் எதிர்க்கட்சி எப்படித் துணிந்து கேள்வி கேட்கும்?

ஆனால் இந்த வாதங்கள் எல்லாம் இரண்டு கட்சிகளுக்கு இடையிலான கணக்கைத்தான் பேசுகின்றன. வாக்களித்தவர் அதில் எங்குமே இல்லை. அந்தத் தேர்தலில் லிபரல் கட்சி பெற்றது 57.6 சதவீத வாக்கு. புதிய ஜனநாயகக் கட்சிக்கு 21.6 சதவீதம் கிடைத்தது. பசுமைக் கட்சிக்கு 12.4 சதவீதம் கிடைத்தும் ஓர் இடம்கூட இல்லை. பத்தில் நான்கு பேர் ஆளுங்கட்சியை வேண்டாம் என்றார்கள். அவையில் அவர்களுக்காக நின்றவர்கள் நாற்பதில் ஒருவர். எதிர்க்கட்சியின் நிதியும் ஊழியர்களும் தோற்ற தலைவர்களுக்குத் தரும் ஆறுதல் பரிசு அல்ல. ஒரு மசோதாவைப் படித்து அதில் ஒளிந்திருப்பதை மக்களுக்குச் சொல்ல ஆகும் செலவு அது. அந்தச் செலவை மறுப்பவர், தமக்கு வாக்களித்தவர்களுக்கும் சேர்த்தே அதை மறுக்கிறார்.

அது வெறும் தத்துவம் அல்ல என்பதை 2002 ஜனவரி காட்டியது. மருத்துவமனை ஊழியர்களின் கூட்டு ஒப்பந்தப் பாதுகாப்புகளை ரத்து செய்யும் 29-ஆம் மசோதா அறிமுகமான மூன்றே நாளில் சட்டமானது. துப்புரவு, சலவை, உணவு வேலைகள் தனியார் ஒப்பந்தக்காரர்களுக்குப் போயின. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஐந்தாண்டு கழித்து, 2007-இல், கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்றது. வலுவான எதிர்க்கட்சி இருந்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும், எண்ணிக்கை அப்படி. ஆனாலும் மூன்று நாளில் முடிந்திருக்காது. வேலையை இழக்கப்போகும் ஒருத்திக்குத் தன் நிலையை ஊரறியச் சொல்ல அவகாசமாவது கிடைத்திருக்கும்.

ஆளுங்கட்சிக்குள்ளேயே இடித்துரைக்க ஆள் இருக்கிறார்களே என்று சொல்லலாம். அமைச்சர் பதவி இல்லாத லிபரல் உறுப்பினர்கள் 49 பேர் இருந்தார்கள். அவர்களில் பால் நெட்டில்டன் 2002-இல் அரசு மின் நிறுவனம் பற்றிய திட்டத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டு சுயேச்சையாக உட்கார்ந்தார். அதைப் பார்த்த மற்றவர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அமைச்சரவைக் கூட்டங்கள் சிலவற்றைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். நல்ல முயற்சிதான். மக்கள் பார்க்க முடிந்தது, குறுக்கே கேட்கத்தான் ஆள் இல்லை.

விதியை நகர்த்தக் கூடாது என்ற வாதத்துக்குக் காலம் ஒரு பதில் வைத்திருந்தது. 2017-இல் பசுமைக் கட்சிக்கு மூன்று உறுப்பினர்கள். புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சி அமைக்க அந்த மூவரின் ஆதரவு வேண்டியிருந்தது. உடனே வரம்பு நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. சட்டத்தைத் திருத்தி அனைவருக்கும் பொதுவாக வைப்பது எந்த நாளும் இயலக்கூடிய காரியம் என்பது அப்போது தெரிந்தது. தயவு என்ற பேச்சுக்கும் அதில் இடமில்லை. சட்டத்தில் எழுதிய உரிமையை நினைத்தவுடன் பறிக்க முடியாது. 2001-இல் அந்த இருவரால் ஆளுங்கட்சிக்கு ஆகவேண்டியது எதுவும் இருக்கவில்லை. பலமற்றவருக்கு உரியதைத் தருவதில்தான் அறம் சோதிக்கப்படுகிறது என்றால், அந்தச் சோதனையில் கேம்ப்பெல் தேறவில்லை. 2017-இல் திருத்தியவர்களும் அதே சோதனையை எழுதவில்லை; அவர்களுக்குத் தேவை இருந்தது.

ஆனால் கேம்ப்பெலை அத்தோடு விட்டுவிடுவது அநியாயம். 1996 தேர்தலில் அவர் கட்சி 41.8 சதவீத வாக்குடன் முன்னே நின்றும் 33 இடங்களே பெற்றது, 39.5 சதவீதம் பெற்றவர்கள் 39 இடங்களோடு ஆட்சி அமைத்தார்கள். அந்தக் காயத்தை அவர் மறக்கவில்லை. 77 இடம் கொடுத்த முறையையே கேள்விக்குள்ளாக்க ஒரு குடிமக்கள் பேரவையை அமைத்தார். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண், கூடவே பழங்குடியினர் இருவர், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கட்சிக்காரர்களின் கையிலிருந்து எடுத்து சாதாரண மக்களிடம் அந்த வேலையைக் கொடுத்தது, வென்றவர்கள் அரிதாகச் செய்யும் காரியம். அவர்கள் 2004-இல் புதிய வாக்குமுறை ஒன்றைப் பரிந்துரைத்தார்கள்.

2005 மே 17 அன்று அது பொது வாக்கெடுப்புக்கு வந்தது. 60 சதவீத ஆதரவு வேண்டும் என்று அரசு முன்கூட்டியே நிபந்தனை வைத்திருந்தது. பெரிய மாற்றத்துக்குப் பெரிய சம்மதம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. 79 தொகுதிகளில் 77-இல் பெரும்பான்மையோர் மாற்றத்தை ஆதரித்தார்கள். மாகாணம் முழுவதும் கிடைத்த ஆதரவு 57.7 சதவீதம்; தீர்மானம் தோற்றது. நான்காண்டுக்கு முன் ஏறத்தாழ அதே விகிதம் ஒரு கட்சிக்கு இரண்டு இடம் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்து, எதிர்க்கட்சியின் அங்கீகாரத்தை மறுக்கவும் போதுமானதாக இருந்தது. ஆள்வதற்குப் போதுமான சம்மதம், ஆளும் முறையை மாற்ற ஏன் போதவில்லை என்று அந்த மாகாண வாக்காளருக்கு எந்த அரசும் மனம் ஒப்பும்படி விளக்கியதில்லை.