விளக்கைக் காப்பவனுக்கு எது பலன்?

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் உள்ள ராபர்ட்சன்பேட்டைக்கும் கடலுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. கிழக்கே உள்ள சென்னைக் கடற்கரை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் கலங்கரை விளக்கத்தைக் காப்பவரின் உள்ளத்தை அவ்வூர் மக்கள் எளிதில் உணர்வர்.

வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சுரங்கப் பணி செய்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. கூண்டில் ஏறி இறங்குவோரின் உயிர், மேலே இயந்திர அறையில் அமர்ந்து வடத்தை இயக்குபவரின் கையில் இருந்தது. கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. மணியோசையும் ஆழத்தைக் காட்டும் முள்ளுமே அவருக்குத் துணை. கூண்டில் நிற்பவர்களும் அவர் முகத்தைக் காண்பதில்லை. சுரங்கத்தில் ஊறும் நீரைப் பம்புகள் மூலம் இரவுபகலாக வெளியேற்றியவர்களின் நிலையும் இதுவே. அவர்கள் செவ்வனே பணி செய்த நாளில் எதுவும் நிகழவில்லை. எதுவும் நிகழாதிருப்பதே அவர்களது வெற்றி.

கடலோரத்தில் விளக்கைக் காப்பவரின் வாழ்வும் இத்தகையதே. முற்காலத்தில் திரியைச் சீராக்குவதும், எண்ணெய் ஊற்றுவதும், விளக்கைச் சுழற்றும் பொறியின் எடைக்கல்லை இரவில் மீண்டும் மீண்டும் மேலே ஏற்றி வைப்பதும் அவரது கடமை. உப்புக் காற்றால் மங்கும் கண்ணாடியைத் துடைப்பது இன்றும் தொடரும் பணி. ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று வகுக்கப்பட்ட கால இடைவெளியில் மின்னுகிறது. அந்த இடைவெளியைக் கணித்தே மாலுமி தான் இருக்கும் இடத்தை அறிகிறான். ஆகவே ஒளி இருந்தால் மட்டும் போதாது, அது பிழையின்றியும் இருக்க வேண்டும். துறைமுக வழியைக் காட்டும் மிதவைகளில் ஒட்டும் கிளிஞ்சலையும் பாசியையும் சுரண்டி, நங்கூரச் சங்கிலியின் தேய்மானத்தைப் பார்த்து, தேவையானபோது மாற்றுகிறார்கள். சங்கிலி அறுந்து இடம் பெயர்ந்த மிதவை, மிதவையே இல்லாத நிலையைவிட ஆபத்தானது. ஏனெனில் நம்பி வருபவனை அது தவறான வழியில் செலுத்தும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஓர் இரவு முழுதும் விளக்கு எரிகிறது; அவ்வழியே ஒரு கப்பலும் வரவில்லை. அந்த இரவின் உழைப்பு வீணா?

1893 மே 31 அன்று சுவாமி விவேகானந்தர் மும்பையிலிருந்து கப்பலேறினார். மும்பைத் துறைமுக வாயிலில் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் 1875-ஆம் ஆண்டு முதலே நின்றுகொண்டிருந்தது. மேலை நாட்டிலிருந்து ஏடன் வழியாகத் திரும்பி, 1897 ஜனவரி 15 அன்று அவர் கொழும்பில் இறங்கினார். அரபிக்கடலைக் கடந்து கொழும்பு செல்லும் கப்பல்களுக்காக மினிக்காய்த் தீவில் 1885 முதல் விளக்கு எரிந்து வந்தது. அந்நாளில் இக்கரைகளில் விளக்கேற்றியவர்கள், கடந்து செல்லும் கப்பலில் யார் இருக்கிறார் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் அன்று மட்டும் கண்ணாடியை நன்கு துடைத்திருப்பார்களா? அவ்வாறு துடைப்பவர் மற்ற நாள்களில் கடமையில் குறைந்தவர் ஆவார். வருபவர் மகானா, சாமானியரா என்று பாராமல் எரிவதாலேயே அது எல்லோருக்கும் விளக்காகிறது.

சுவாமிஜி கர்மயோகச் சொற்பொழிவுகளில் மகாபாரதத்தின் தர்மவியாதன் கதையை எடுத்துரைக்கிறார். தவத்தால் செருக்குற்ற துறவிக்கு ஞானம் புகட்டியவன் ஓர் இறைச்சி வணிகன். தன் தொழிலைப் பற்றின்றிச் செய்ததும், பெற்றோருக்குப் பணிவிடை செய்ததுமே அவனது சாதனை. செயலின் மேன்மை அதன் பெயரிலோ, அதைப் பார்ப்போரின் எண்ணிக்கையிலோ இல்லை. செய்பவன் மனத்தில் இருக்கிறது. கப்பல் வராத இரவிலும் காப்பாளரின் சிரத்தை முழுமையானதே. கப்பல் வருவது அவர் கையில் இல்லை, ஒளி தவறாதிருப்பது அவர் கையில் இருக்கிறது. அந்த எல்லையை உணர்ந்தவனுக்கு ஏமாற்றமும் இல்லை, கர்வமும் இல்லை.

ஆனால் இந்த உயரிய தத்துவத்தைத் தவறாகப் பயன்படுத்தவும் இடமுண்டு. பலனை எதிர்பாராதே என்பது செயலாற்றுபவன் தனக்குத் தானே கூறிக்கொள்ள வேண்டிய உபதேசம். பயன்பெறுபவன் அதைக் காட்டித் தன் நன்றிக் கடனிலிருந்து தப்பிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. அதைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் பல ஆழிப்பேரலையில் மாண்டன. பின்னர் அங்கே விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது. அவ்வழியே பாதுகாப்பாகச் செல்லும் கப்பல்கள் ஒவ்வொன்றும் அந்தக் குடும்பங்களுக்குக் கடன்பட்டுள்ளன.

தங்கவயலின் கதையும் இதைக் கூறுகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றன, நீர் ஏறி ஆழ்சுரங்கங்களை மூழ்கடித்தது. அத்தனை ஆண்டுகளாக யாரோ சிலர் ஓயாமல் செய்துவந்த பணி எத்துணைப் பெரியது என்பதை அந்த நீரே உலகுக்கு உணர்த்தியது. வேலையிழந்த ஆயிரக்கணக்கானோருக்கு, 'உங்கள் உழைப்பே உங்களுக்குப் பலன்' என்று கூறி விலகிச் செல்வது ஆன்மிகம் ஆகாது. அவர்களது பசியையும் முதுமையையும் கவனிப்பது சமுதாயத்தின் தர்மம்.

ஆகவே கடமை இரு முனைகளை உடையது. விளக்கை ஏற்றுபவன், 'யார் காண்பார்?' என்று கேட்கலாகாது. கரை சேர்ந்தவனோ, 'யார் ஏற்றினார்?' என்று கேட்காதிருக்கலாகாது. முன்னது கர்மயோகம், பின்னது செய்ந்நன்றி. இவ்விரண்டும் சேரும் இடத்திலேயே அறம் நிறைவடைகிறது.

நம் வீட்டுக் குழாயில் விடியற்காலையில் நீர் வருகிறது. இரவு ரயில் பிழையின்றித் தண்டவாளம் மாறுகிறது. மருத்துவமனையில் விளக்கு அணையாமல் இருக்கிறது. இவை ஒவ்வொன்றின் பின்னும் விழித்திருப்பவர் ஒருவர் உண்டு. அவரை நினைத்து நன்றி கூறுவோம். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட விளக்கையும் யாரும் பாராத இரவில் துடைத்து வைப்போம்.