யாருக்கு என்ன கரைச்சல்?

ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்து யூனியன்வில்லுக்குப் பெயர் கொடுத்தது ஒரு மில். 1840களில் ஐரா வைற் என்பவர் இங்கே தானியம் அரைக்கும் மில் ஒன்றை நடத்தினார். மேல் கனடாவும் கீழ் கனடாவும் 1841இல்தான் ஒன்றாக்கப்பட்டிருந்தன. அந்த ஒன்றிப்பை வைத்து மில்லுக்கு ‘யூனியன் மில்ஸ்’ என்று பெயர் வந்தது. மில்லைச் சுற்றி வீடும் கடையும் பட்டறையும் எழும்ப, ஊருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் தொழில், பிறகுதான் ஊர். கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில் மெயின் ஸ்ட்ரீட்டில் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்கிற சனத்துக்கு இதெல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் ‘என்ன பிஸ்னஸ் செய்யலாம்?’ என்று கேட்டு வருபவர்களுக்கு நான் அந்த மில்லின் கதையைத்தான் சொல்வேன்.

அந்தக் கேள்வி எங்கள் தமிழ் ஆட்களிடம் ஓய்வதே இல்லை. பிறந்தநாள் விழாவில் கேட்பார்கள், கராஜ் வாசலில் பாபிக்யூ போடும்போது கேட்பார்கள், செத்தவீட்டில் கார் நிறுத்திவிட்டு வரும் வழியிலும் கேட்பார்கள். கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். நாங்கள் ‘நல்ல ஐடியா’ என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். நாங்களும் சொல்லிவிடுவோம். சொல்வதற்குச் செலவில்லை.

அந்த மில்லின் கதைக்கு வருகிறேன். 1794இல் வில்லியம் பெர்சி என்பவரோடு மார்க்கத்துக்கு வந்த ஜெர்மானியக் குடும்பங்கள் காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தன. விளைந்த கோதுமையை அப்படியே தின்ன முடியாது, அரைக்க வேண்டும். மில் தூரத்தில் என்றால் மூட்டையை வண்டியில் ஏற்றி, வசந்தகாலச் சேற்றில் சில்லுப் புதைய, ஒரு நாளைத் தொலைத்துவிட்டுத் திரும்பவேண்டும். அரைகூலியாக மில்காரர் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்று மேல் கனடாவில் 1792இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்குச் சனம் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. மில் போட நினைத்தவர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டுத் திரிய வேண்டியதில்லை. சேற்றில் புதைந்த வண்டியைப் பார்த்தாலே போதும்.

எங்களுடைய ஆட்களிடமும் ஒரு மில் இருக்கிறது. ரொறன்ரோவில் தமிழர் நடத்தும் தொழில்களில் ஆகச் சிறந்த யோசனை எது என்று கேட்டால், ஸ்காபரோப் பக்கத்து மிளகாய்த்தூள் மில்லைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணத்துத் தூள் என்றால் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும். ஊரில் முற்றத்தில் வறுத்தோம். இங்கே பதினான்காம் மாடியில் செத்தல் மிளகாயை வறுத்துப் பாருங்கள். முதலில் உங்கள் வீட்டு அலாரம் அடிக்கும், பிறகு கொரிடோர் முழுக்க இருமல் கேட்கும், மூன்றாவதாக சுப்பரின்டென்டன்ற் கதவைத் தட்டுவார். சொந்த வீடு என்றாலும் குளிர்காலத்தில் யன்னலைத் திறக்க முடியாது, அடுத்த நாள் வேலைக்குப் போகும் கோட்டில் வாசம் நிற்கும். கடைத்தூளை வாங்கிச் சமைத்தால் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுப் பேசாமல் எழும்பிவிடுவார்.

இத்தனை கரைச்சலையும் அந்த மில் ஒரே நாளில் தீர்த்துவைத்தது. உள்ளே போனால் “எத்தனை இறாத்தல்? உறைப்புக் கூடவோ குறையவோ?” என்று கேட்பார்கள். சிலர் சாமான்களை வீட்டிலிருந்தே நிறுத்துக் கொண்டுவருவார்கள். “மல்லியைக் கொஞ்சம் கூடப் போடுங்கோ, போனமுறை கறி கறுத்துப் போச்சு” என்று சொல்கிற அக்காவுக்காக அளவை மாற்றுவார்கள். சூடு ஆறாத தூளைப் பையில் கட்டித் தந்து, “வீட்டை போய் வாயைத் திறந்து ஆறவிடுங்கோ” என்பார்கள். அந்தப் பையில் பாதி ஓஷாவாவில் இருக்கிற மகளுக்கும் கல்கரியில் இருக்கிற தம்பிக்கும் போகும். விளம்பரச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆறு மாதத்தில் தூள் தீர்ந்துவிடும், ஆள் திரும்பி வருவார்.

இதில் புதுமை எதுவும் இல்லை. ஊரில் மூலைக்கு மூலை இருந்த மில்தான். நல்ல யோசனை புதிதாக இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் எங்கள் பெடியள் பலர் தடுமாறுகிறார்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே காசையோ நேரத்தையோ மானத்தையோ செலவழித்து அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிற ஒரு காரியம் இருக்கவேண்டும். அது திரும்பத்திரும்ப வரவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் யோசனை பழசாக இருந்தால் என்ன?

கரைச்சலுக்கும் ஆயுள் உண்டு என்பது வேறு விஷயம். தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்க் கடையின் கல்லாவுக்குப் பின்னாலும் ரெலிபோன் கார்ட்கள் தோரணமாகத் தொங்கின. ஊரில் சண்டை, இங்கே தவிப்பு. ஐந்து டாலர் கார்டைச் சுரண்டி நம்பரை அடித்து, ‘உங்களுக்கு இத்தனை நிமிடம் உள்ளது’ என்று அந்தப் பெண் குரல் சொல்வதைக் கேட்காதவர் எங்கள் தலைமுறையில் இல்லை. அதைவிட உறுதியான வியாபாரம் இருக்க முடியாது என்று தோன்றியது. வாட்ஸ்அப் வந்தது, தோரணம் காணாமல் போயிற்று. வீடியோக் கசெற் கடைகளுக்கும் அதே கதி. ஆனால் டிரைவிங் ஸ்கூல் நிற்கிறது. ஒன்ராறியோவில் ஜி1 லைசென்ஸ் எடுத்தவர் அடுத்த சோதனைக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்கவேண்டும், அங்கீகரிக்கப்பட்ட வகுப்புக்குப் போனால் எட்டு மாதம் போதும். அந்த நான்கு மாதத்துக்காகவும் இன்சூரன்ஸ் குறையும் என்பதற்காகவும் பதினாறு வயதுப் பிள்ளையின் தகப்பன் காசு கட்டுகிறார். சட்டம் உண்டாக்கிய கரைச்சல் சட்டம் இருக்கும்வரை இருக்கும். தேவை மாறியதும் தொழில் இடம் மாறுவது யூனியன்வில்லிலும் நடந்தது. 1871இல் ரொறன்ரோ–நிப்பிசிங் ரயில் வந்ததும் தொழில்களின் கண் ஆற்றங்கரையிலிருந்து ஸ்டேசன் பக்கம் திரும்பியது. மரம் இழைக்கிற பிளேனிங் மில்லைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

கரைச்சல் சில நேரம் காசின் கணக்கிலும் இருக்கும். அதற்குத் தமிழ்நாட்டுக் கடலூரில் நடந்ததைச் சொல்லவேண்டும். சி.கே. ரங்கநாதன் என்பவர் 1983இல் பதினையாயிரம் ரூபாய் முதலோடு ‘சிக்’ ஷாம்பு தொடங்கினார். சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்கும் வழியை அவருடைய தகப்பனார் சின்னி கிருஷ்ணன் முன்பே காட்டியிருந்தார். தலை முழுக எல்லாருக்கும் ஆசை, ஆனால் போத்தல் வாங்கக் காசு ஒரே நாளில் கையில் சேர்வதில்லை. நாட்கூலி வாங்குபவர் நாளுக்கு நாள்தான் செலவு செய்வார். பொட்டலம் அந்தக் கணக்குக்குப் பொருந்தியது. வெறும் பொட்டலங்கள் ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒன்று இலவசம் என்று ஒரு திட்டமும் போட்டார். சரக்கு அதேதான், ஆனால் வாங்குபவரின் சட்டைப்பையில் எந்த நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட அறிவு மேசையில் இருந்து யோசித்தால் வராது.

எங்கிருந்து வரும்? அமர் பிடே என்ற பேராசிரியர், அமெரிக்காவின் ‘இன்க்’ சஞ்சிகை 1989இல் பட்டியலிட்ட வேகமாக வளர்ந்த நிறுவனங்களில் நூறை எடுத்து, அவற்றைத் தொடங்கியவர்களைக் கண்டு பேசினார். அவர்களில் 71 சதவீதம் பேர், முன்பு பார்த்த வேலையில் கண்ட ஒன்றைத்தான் அப்படியேயோ கொஞ்சம் மாற்றியோ தொழிலாக்கியிருந்தார்கள். எங்களுக்கு இது புதினமில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் இருந்து காலிக்கும் மாத்தறைக்கும் போய்ச் சுருட்டுக்கடையும் சாப்பாட்டுக்கடையும் போட்டவர்கள் முதலில் மாமாவின் கடையில் கடைப் பெடியனாகப் பாக்கு வெட்டியவர்கள். எந்தச் சிங்கள ஊரில் எந்தச் சுருட்டு ஓடும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று படித்த பிறகுதான் தனிக்கடை. ரொறன்ரோவிலும் அதுதான் நடந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் இத்தாலியன் ரெஸ்ரோரண்டுகளின் பின்பக்கத்தில் கோப்பை கழுவி, பிறகு வெட்டி, பிறகு சமைத்து, ஒரு கிச்சின் எப்படி ஓடும் என்று உடம்பால் அறிந்தார்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஷிப்ட் போகிற வீட்டில் இடியப்பம் பிழிய ஆளில்லை என்பதும் அவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே தெரியும். டேக் அவுட் பிறந்தது அப்படித்தான். மார்க்கத்தில் வளர்ந்த ஏரிஐ கம்பனியின் கதையும் வேறல்ல. கே.வை. ஹோவும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் கொம்பியூட்டர் திரைக்கான சிப் செய்யத் தொடங்கினார்கள். ஹோ அதற்கு முன் ஆசியாவில் எலக்ரோனிக்ஸ் துறையில் வேலை பார்த்தவர். 2006இல் ஏஎம்டி அதை ஏறக்குறைய 540 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

இங்கேதான் எனக்கு அடுத்த தலைமுறையோடு ஒரு வழக்கு. பெற்றோர் கிச்சினில் நின்றதால் கிச்சின் தொழில் தொடங்கினார்கள். பிள்ளைகள் இன்று வங்கியில், மருத்துவமனையில், மாநகரசபையில், இன்சூரன்ஸ் கம்பனியில் இருக்கிறார்கள். ஆனால் சொந்தத் தொழில் என்று யோசிக்கத் தொடங்கியதும் டேக் அவுட்டுக்கு ஒரு ஆப், கல்யாண மண்டபத்துக்கு ஒரு ஆப் என்று அப்பாவின் உலகத்துக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெடியனுக்கு மருத்துவமனை ஒன்றில் வேலை. போன கோடையில் என்னிடம் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டு ஆப் பற்றிக் கதைத்தான். இடைக்கிடை வேலையைப் பற்றியும் அலுத்துக்கொண்டான். “மாமா, வெள்ளிக்கிழமை பின்னேரம் வயதுபோன ஆக்களை வீட்டை அனுப்பிறம். வீட்டில வாக்கர் இல்லை, கொமோட் இல்லை, மாடிக்கு ஏற வழியில்லை. பிள்ளையள் சனிக்கிழமை முழுக்கக் கடை கடையாய் ஓடுதுகள். சில ஆக்கள் பிழையான சாமானை வாங்கிக்கொண்டு வருவினம்.”

“இதுக்கு யாராவது காசு தருவினமோ?” என்றேன்.

“எவ்வளவெண்டாலும் தருவினம், அண்டைக்கு ஆரும் விலை கேக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஆப்புக்குப் போய்விட்டான். அவனுக்கு ஒன்று அலுப்பு, மற்றது ஐடியா. அலுப்பைத் தொழிலாக எண்ணிப் பார்க்க ஒருவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றாடம் கண்ணெதிரே நடப்பதை வியாபாரமாகப் பார்க்க வராது, தெரியாத ஒன்றுதான் பளபளக்கும்.

இன்னொரு வழுக்கல் ‘எங்கட சனம்’. நாலு லட்சம் தமிழன் இருக்கிறான், ஆளுக்கு ஒரு டாலர் தந்தால் என்று கணக்குப் போடாத தமிழ் முதலாளி கிடையாது. அந்த ஒரு டாலரை ஒருவரும் தருவதில்லை. தருகிறவர் முழுக்காசும் தருவார், அவரை ஒவ்வொருவராகத்தான் பிடிக்கவேண்டும். எங்கட சனம் தொடங்குவதற்கு நல்லது. மொழி தெரியும், பிழைவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வார்கள். நிலைப்பதற்குப் போதாது. ஒரு பிளாசாவில் ஒரு டேக் அவுட் ஓடுகிறது என்று தெரிந்தால் ஆறு மாதத்தில் இன்னும் மூன்று வரும். கொத்துரொட்டியின் விலை இறங்கும். கடைசியில் நான்கு கடையிலும் இலையான் கலைப்பார்கள். பார்த்துச் செய்வதில் வெட்கம் இல்லை, பிடே கண்டுபிடித்ததும் அதைத்தான். ஆனால் உள்ளே நின்று வேலை பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, கண்ணாடிக்கு வெளியே நின்று கூட்டத்தை எண்ணுவது வேறு.

கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கதை பெரும்பாலும் லீஸில் தொடங்குகிறது. சீட்டைக் கழிவுக்கு எடுத்து, வீட்டின் மேல் லைன் ஒப் கிரெடிற் போட்டு, ஐந்து வருட லீஸில் தன் பெயரிலேயே உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்து வைப்பார்கள். வாடகைக்கு மேலே ரிஎம்ஐ என்று கட்டடத்தின் வரி, பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் தலையில் விழும் என்பது அநேகருக்கு முதலாவது பில்லில்தான் உறைக்கும். வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு இவ்வளவு தேவையே இல்லை. ஒன்ராறியோவில் 2020 ஜனவரியிலிருந்து ஊறுகாய், ஜாம், பிஸ்கற் போன்ற ஆபத்துக் குறைந்த உணவுகளை வீட்டுக் கிச்சினில் செய்து விற்க விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும், அவர்கள் வந்து பார்க்கலாம். இறைச்சியும் பாலும் சேர்ந்த சாப்பாட்டுக்கு விதி வேறு, அதைக் கேட்டறிந்து செய்யுங்கள். நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டாலரைத் தாண்டும்வரை எச்எஸ்ரி என்ற விற்பனை வரிக்குப் பதியவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே லீஸ் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். ‘நல்ல ஐடியா’ என்று சொன்னவர்களின் பட்டியலைக் கிழித்துப்போடுங்கள். உங்கள் வேலைத்தலத்திலோ வீட்டிலோ திரும்பத்திரும்ப வருகிற ஒரு கரைச்சலை எடுத்து, அதைத் தீர்த்துத் தருகிறேன் என்று சொந்தக்காரர் அல்லாத மூன்று பேரிடம் முற்பணம் கேளுங்கள். இருபது டாலர் என்றாலும் சரி. தந்தால் தொடங்குங்கள். தராவிட்டால் லீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கரைச்சலைத் தேடுங்கள். வியாபாரப் பெயரை ஒன்லைனில் பதிய 60 டாலர்தான், அதைப் பிறகும் செய்யலாம்.