ஹாலும் ஒரு பெட்ரூம்தான்!

நன்றாகத் தூங்க என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். அறை இருட்டாக இருக்கட்டும், சத்தம் வேண்டாம், கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. மூன்றுமே சரிதான். வெளிச்சம் குறைந்தால்தான் மூளையில் மெலட்டோனின் என்ற ஹார்மோன் ஒழுங்காகச் சுரக்கும். தூக்கம் வரும் நேரத்தில் உடம்பின் உள்சூடு லேசாக இறங்க வேண்டும். புழுக்கமான அறையில் அது சுலபத்தில் இறங்காது. உடம்புக்குள் ஓடுகிற இந்தக் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால், இந்த அறிவுரைகள் ஒரு விஷயத்தைக் கேட்காமலேயே முடிவு செய்துகொள்கின்றன. தூங்குகிறவருக்கு என்று ஓர் அறை இருக்கிறதா?

நம் ஊர் சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஆனால் ஹால்தான் இன்னொரு பெட்ரூம். அங்கே படுப்பது யார்? பல வீடுகளில் வயதான அப்பாவோ அம்மாவோதான். ஏ.சி. உள்ளே, டி.வி. ஹாலில். சீரியல் முடிந்து, மேட்ச் முடிந்து, கடைசி ஆள் எழுந்து போன பிறகுதான் பாய் விரிக்க முடியும். நடுராத்திரியில் யாருக்குத் தாகம் எடுத்தாலும் வழி ஹால்தான். டியூப்லைட் எரியும், ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும். விடிந்ததும் குக்கர் விசில் முதலில் எழுப்புவதும் அவர்களைத்தான்.

கேட்டால், நம்மிடம் பதில் தயாராக இருக்கும். ‘வயசானவங்களுக்கு எங்கே சார் தூக்கம் வருது... நாலு மணிக்கே எழுந்து உக்காந்துடறாங்க!’

வயதானால் தூக்கம் லேசாகும், அடிக்கடி கலையும் என்பது உண்மை. அதற்காகத் தேவையே குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றுதான் அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015-ல் சொன்னது. யோசித்துப் பாருங்கள்... தூக்கம் லேசாக இருப்பவருக்குத்தானே இருட்டும் அமைதியும் அதிகம் வேண்டும்? நாம் தலைகீழாகப் பங்கு பிரிக்கிறோம்.

‘காலையில ஆபீஸ் போறவன் தூங்க வேண்டாமா? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தூங்க வேண்டாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் எங்கே போய் நிற்கும்? சம்பாதிக்கிறவனுக்குத் தூக்கம், ரிட்டயர் ஆனவருக்கு மிச்சம் மீதி! தூக்கம் என்ன போனஸா, வேலை பார்த்தால் கொடுக்க?

2011 ஜூனில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் நள்ளிரவில் விரட்டியது. அந்த வழக்கில், 2012-ல் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், தூக்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்றது. ‘இவர்களில் யாருக்குக் காலையில் ஆபீஸ்?’ என்று கணக்குப் பார்க்கவில்லை.

உடனே ஏ.சி-யைக் கழற்றி ஹாலில் மாட்டச் சொல்லவில்லை. பெட்ரூமுக்கு நாம் பார்த்துப் பார்த்துச் செய்வதில் பாதியை ஹாலுக்கும் செய்யலாம். தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற ஜன்னலுக்குக் கெட்டியாக ஒரு திரை. குடிக்கிற தண்ணீரைப் படுக்கும்போதே உள்ளே எடுத்துப்போக ஒரு பாட்டில். சமையலறைக்குப் போகிற வழியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. செல்போனில் படம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், காதில் இயர்போன். எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? ஒரு சினிமா, பாப்கார்ன் செலவு!

ராத்திரி 10 முதல் காலை 6 வரை தெருவில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. விசேஷ நாட்களில் சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். தெருவுக்கு உள்ள மரியாதை நம் வீட்டு ஹாலுக்கு வேண்டாமா?

அப்பாவிடம் கேட்டால், ‘எனக்கென்னப்பா, நான் எங்கே வேணா படுத்துக்குவேன்’ என்றுதான் சொல்வார். அதை நம்பாதீர்கள். வீடே விழித்திருக்கும்போது, ஒரே ஒருநாள் அந்தப் பாயில் நீங்கள் படுத்துப் பாருங்கள். தூக்கம் வராததற்கு வயசு மட்டும்தான் காரணமா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்!