சூரைச்செடியின் கீழே

சோர்வடைவது அவிசுவாசமா? ஊழியப் பாதையில் நடக்கிற அநேகருடைய உள்ளத்தில் இக்கேள்வி மறைவாக எழும்புகிறது. கர்த்தரை நம்புகிறவன் களைத்துப்போகலாகாது என்று எண்ணி, சரீரம் தளர்ந்த பின்னும் ஓய்வெடுக்க அஞ்சுகிறவர்கள் உண்டு. வெளியே பெலவானாகவும் உள்ளே உடைந்தவனாகவும் வாழும் இந்நிலை ஆபத்தானது.

கர்மேல் பர்வதத்தில் வானத்து அக்கினி இறங்கக் கண்டவர் எலியா. அவரே அடுத்த அதிகாரத்தில் யேசபேலுக்குப் பயந்து ஓடுகிறார் (1 இராஜாக்கள் 19). பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் தனியே சென்று, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவை வேண்டுகிறார்.

அவருக்குத் தேவன் அளித்த முதல் பதில் கண்டனமும் அல்ல, புதிய கட்டளையும் அல்ல. நித்திரையும், தழலில் சுட்ட அடையும், தண்ணீருமே. இரண்டாம் முறை அவரைத் தட்டியெழுப்பிய தூதன், போகவேண்டிய வழி அவருடைய பெலத்திற்கு மிஞ்சியது என்பதை வெளிப்படையாகவே சொல்லுகிறான். மனிதனுடைய எல்லையை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, அதைக் கடப்பதற்கான ஆகாரத்தைக் கொடுக்கிறான். அந்த ஆகாரம் ஓரேப் வரையிலான 40 நாள் நடைக்குப் போதுமாயிருந்தது.

ஓரேபில் எலியா, தாம் ஒருவரே மீந்திருப்பதாக முறையிடுகிறார். களைத்த மனதின் கணக்கு அது. கூட இருந்த வேலைக்காரனை விட்டுவந்தவரும் அவரே. தேவனுடைய கணக்கோ வேறு. பாகாலுக்கு முன் முழங்காற்படியிடாத 7,000 பேர் இஸ்ரவேலில் இருந்தனர். ஆசகேல், யெகூ, எலிசா ஆகிய மூவரை அபிஷேகம்பண்ணும்படி எலியாவுக்குக் கட்டளையாகிறது. அவர் தனியே சுமந்த பாரம் அன்று பகிர்ந்தளிக்கப்பட்டது.

சீகாரின் கிணற்றருகே களைத்து உட்கார்ந்தவரும் (யோவான் 4), புயலின் நடுவே படகில் நித்திரை செய்தவருமான (மாற்கு 4) இயேசு கிறிஸ்து பாவமற்றவர். ஆகவே களைப்பு பாவமல்ல. தான் ஓய்ந்தால் தேவனுடைய வேலையும் ஓய்ந்துவிடும் என்ற எண்ணமே ஆராயப்படவேண்டியது. பணிவைப்போல் தோன்றினாலும் அது பெருமையின் ஒரு வடிவம்.

எலியா எழுந்து நடந்தார். எழுந்திருக்க இயலாதவர்களின் நிலை என்ன? பவுல் தம் சரீரத்தின் முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபையே அருளப்பட்டது (2 கொரிந்தியர் 12). நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே அடங்கியிருந்தார். சுகமுள்ளோர் நோயாளிகளுக்கென்று எழுதிய ஆறுதல்கள் தம்மைத் தேற்றவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே நோயாளியாயிருந்தே நோயாளிகளுக்கு எழுதினார். டோனாவூரின் பணியோ வேறு கரங்களால் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது.

ஆகையால் தேவனைச் சார்ந்திருப்பது, இழந்த பெலத்தைத் திரும்பப் பெறும் உபாயம் அல்ல. பெலன் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், தன்னையும் தன் வேலையையும் அவர் கரத்தில் ஒப்புவித்திருப்பதே அது. அது சோம்பலும் அல்ல. சோம்பேறி வேலையைத் தவிர்க்கிறான், விசுவாசியோ வேலையின் எஜமான் யாரென்பதை நினைவுகூருகிறான்.

களைத்திருக்கும் ஊழியனுக்கு இன்றைய கீழ்ப்படிதல் மிக எளியதாக இருக்கக்கூடும். அளிக்கப்படும் ஆகாரத்தைப் புசிப்பது, நித்திரைக்கு இடங்கொடுப்பது, பெயெர்செபாவில் விட்டுவந்த துணையை மீண்டும் அழைப்பது. ஓரேபுக்குச் செல்லும் வழி அங்கிருந்தும் தொடங்குகிறது.